பாகுக்குத் தண்ணீர்க் கிண்ணம், பந்துக்கு எது? கோல்ஃப் பயிற்சிக் கருவி இயங்கும் விதம்

நாமக்கல் மாவட்டத்தில் ஜேடர்பாளையம், கபிலர்மலை, பிலிக்கல்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளில் பாகு காய்ச்சும் இடத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். கொப்பரையில் கரும்புச்சாறு சுண்டி நுரை மாறும் நேரத்தில், காய்ச்சுகிறவர் துளிப் பாகை எடுத்து அந்தத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டிப் பார்ப்பார். கரைந்து ஓடினால் இன்னும் எரிக்க வேண்டும். உருண்டு நின்றால் இறக்கலாம். தீபாவளிக்கு அதிரசம் சுடும் வீட்டிலும் இதே வேலைதான். கொப்பரைக்குப் பதில் உருளி.

அந்தத் தண்ணீர் பாகைக் காய்ச்சுவதில்லை, கிளறுவதும் இல்லை. பாகு இந்த நொடியில் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். அதையும் மாவு எண்ணெயில் விழுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. கோல்ஃப் பயிற்சிக் கருவி வாங்கப் போகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கிண்ணத்தைத்தான்.

கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் ராஜவாய்க்காலும் உள்ள ஊரில் கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மைதானம் இங்கே இல்லை, உண்மைதான். தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் பெரும்பாலும் மலையிலும் பெருநகரத்திலும்தான் இருக்கிறது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. ஊட்டியிலும் வெலிங்டனிலும் ஜிம்கானா மைதானங்கள், சென்னையில் நந்தனம் மைதானம், கோவைக்குத் தெற்கே செட்டிபாளையம். நாமக்கல் சமவெளியில் இருக்கும் ஒருவர் கற்றுக்கொள்ள விரும்பினால் கோவைக்குப் போய்ப் பாடம் கேட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த பாடம் இரண்டு வாரமோ ஒரு மாதமோ கழித்துத்தான். இடைப்பட்ட நாள்களில் தென்னந்தோப்பிலும் களத்துமேட்டிலும் மொட்டைமாடியிலும் தனியாகத்தான் அடித்துப் பழக வேண்டும். பக்கத்தில் கோச் கிடையாது. கருவி விற்பவர்களுக்கு வாய்ப்பு கிடைப்பது அங்கேதான்.

தனியாகப் பழகுவது கோல்ஃபில் மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்து இந்திய அணிவரை போனவர். அவரைப் போல யார்க்கர் போட்டுப் பழகும் பையனுக்குப் பந்து விழுந்த இடமே தீர்ப்பு சொல்லிவிடும். காலடியில் விழுந்ததா, முன்னாலேயே குத்தி எழும்பியதா என்று பார்த்தவுடன் தெரியும். அடுத்த பந்தில் திருத்திக்கொள்ளலாம். கோல்ஃப் பந்தும் தீர்ப்பு சொல்லும். காரணம் மட்டும் சொல்லாது.

மட்டை தலைக்கு மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் வினாடி ஆகும். கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசைய 0.2 வினாடி வேண்டும். ஆக இறங்கும் வழியில் பார்த்துத் திருத்த நேரமே இல்லை. மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது சுமார் 0.0005 வினாடி. அந்த இமைப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு நூறு கெஜம் தள்ளிப் பந்து வலப்பக்கம் வளைந்து போவதைப் பார்க்கிறோம்.

வலக்கைக்காரருக்கு இப்படி வளைய மூன்று காரணங்கள் இருக்கலாம். மட்டையின் முகம் திறந்திருக்கலாம். மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டியபடி வந்திருக்கலாம். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டை என்றால், பந்து முகத்தின் நடுவில் படாமல் பிடிப்பக்கத்து ஓரத்தில் பட்டிருந்தாலும் அதே வளைவு வரும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனால் பாகு இளசா, மாவில் ஈரம் கூடுதலா, எண்ணெய் காயவில்லையா என்று சட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பாகை மட்டும் தனியாக எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறோம். நல்ல பயிற்சிக் கருவியும் குழம்பிக் கிடக்கும் பல காரணங்களில் ஒன்றை மட்டும் தனியே பிரித்துக் காட்டும்.

எந்தக் காரணத்தைப் பிரிப்பது என்பதைக் கடைக்காரர் சொல்லக்கூடாது, கோச் சொல்ல வேண்டும். பாடம் முடிந்து கிளம்பும்போது, “அடுத்த முறை வருவதற்குள் நான் எதை ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்? அது சரியாகிவிட்டது என்று வீட்டில் எனக்கு எப்படித் தெரியும், சார்?” என்று கேட்டுவிட வேண்டும். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் நீங்கள் தேட வேண்டிய கருவி. பாதி நேரம் அது வீட்டிலேயே இருக்கும்.

முகத்தில் எங்கே பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். இதற்கென்று ஒட்டும் தாளும் தெளிப்பானும் விற்கிறார்கள். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மட்டை முகத்தில் மெல்லத் தடவினாலே போதும்; பந்து பட்ட வட்டம் பளிச்சென்று தெரியும். விபூதியும் வேலை செய்யும், வீட்டில் பெரியவர்கள் பார்க்காதவரை. ஐந்தாறு பந்துக்கு ஒருமுறை துடைத்து மறுபடி தடவ வேண்டும். நடுவில் படுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் நாள் இந்தப் பவுடர் பெரிய அதிர்ச்சி தரும். ஆனால் இவ்வளவு மலிவாக இவ்வளவு உண்மை சொல்லும் பொருள் கோல்ஃபில் வேறு இல்லை.

அடுத்தது மட்டை தரையைத் தொடும் இடம். அயர்ன் மட்டையால் அடிக்கும்போது முதலில் பந்து, பிறகுதான் தரை. பந்துக்கு முன்பே தரையைக் கீறினால் அடியின் வேகம் மண்ணுக்குப் போய்விடும். அடித்துப் பழகும் ரேஞ்சில் இருக்கும் ரப்பர் பாயில் இந்தத் தவறு தெரியாது, ஏனென்றால் மட்டை பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். களத்துமேட்டில் மணல் பரப்பி, அதில் விரலால் நேர்க்கோடு கிழித்து, பந்தே இல்லாமல் கோட்டின்மேல் மட்டையை வீசிப் பாருங்கள். தடம் கோட்டிலோ கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கமோ தொடங்க வேண்டும். பின்பக்கம் தொடங்கினால் இன்னும் பதம் வரவில்லை. பந்து கண்முன் இல்லாததால் அடித்துத் தள்ளும் பதற்றமும் இராது. கடையில் இதே வேலைக்கு நிறம் மாறும் அட்டை விற்கிறது. அது நல்ல கருவிதான், மணல் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு.

பந்து கிளம்பும் திசையை முக்கால் பங்குக்கு மேல் தீர்மானிப்பது மட்டை முகம்தான்; மட்டை வரும் பாதையின் பங்கு மிச்சம்தான். இதைத் தெரிந்துகொண்டால் ஒற்றைக் குச்சியே ஆய்வுக்கூடமாகிவிடும். இலக்குக் கோட்டில் சில அடி முன்னால் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். பந்து குச்சிக்கு வலப்பக்கம் கிளம்பினால் முகம் திறந்திருக்கிறது, இடப்பக்கம் கிளம்பினால் மூடியிருக்கிறது. அப்புறம் எங்கே வளைகிறது என்பது வேறு கேள்வி, அதை வேறொரு நாள் பார்க்கலாம். இன்னொரு குச்சியைத் தரையில் கால்விரல்களுக்கு முன் இலக்குக்கு இணையாகப் போட்டால், நீங்கள் எங்கே பார்த்து நிற்கிறீர்கள் என்பதும் தெரியும். விற்பனைக்கு வரும் ஃபைபர் குச்சிகள் விலை குறைவு, வாங்கலாம். வாங்காவிட்டாலும் வயரிங் வேலைக்குப் போடும் பிவிசி பைப் வீட்டில் எங்காவது கிடக்கும். நட்டு வைக்கும் குச்சி மட்டும் பந்து பட்டால் வளைகிறதாக இருக்க வேண்டும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். பந்து திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

குழியில் தள்ளும் பட்டர் மட்டைக்குக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர். குழியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று தட்டும்போது, பந்து 1 டிகிரி விலகிக் கிளம்பினால் குழியருகே போகும்போது நடுவைவிட்டு 5 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக விலகியிருக்கும். அதாவது பந்தின் மையம் குழியின் விளிம்பில். விழலாம், விழாமலும் போகலாம். ஆக 3 மீட்டரில் நமக்கு அனுமதி 1 டிகிரி. இப்போது பந்துக்கு 50 சென்டிமீட்டர் முன்னால் இரண்டு ஆணிகளை 6 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். அந்த வாசலில் இடிக்காமல் போகும் பந்து 1 டிகிரிக்குள் கிளம்பிய பந்து. குழியே வேண்டாம், புல்லும் வேண்டாம். ஆணி நிற்காத தரையில் இரண்டு காசை அடுக்கி வைத்தாலும் சரி. பவானி ஜமுக்காளத்தை விரித்து, அதன் வரி ஓடும் திசையிலேயே தட்டினால் குறி பார்க்கக் கோடும் கிடைத்துவிடும். டைல்ஸ் தரையில் மட்டும் பழக வேண்டாம், அங்கே பந்து ஓடும் வேகம் குழியைச் சுற்றிய கிரீன் எதிலும் இல்லை.

இந்த வாசலை எனக்குப் பிடிக்கக் காரணம், சமாதானம் சொல்ல அது இடம் தருவதில்லை. போனது, இல்லை இடித்தது.

பாகு தானாக உருண்டு நிற்கிறதா என்று பார்க்காமல், நம் கையைப் பிடித்துப் பதத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் கருவிகளும் உண்டு. கையை உடம்போடு கட்டும் பட்டை, மட்டை ஓட வேண்டிய பாதையை வளையமாகச் சுற்றி வைக்கும் சட்டகம், விரல் பதிய அச்சு வார்த்த பிடி. இவற்றை மாட்டிக்கொண்டு அடித்தால் உடனே அழகாக அடிப்போம். விளம்பரத்தில் காட்டுவதும் அதைத்தான். கழற்றிய மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

ஏன் இப்படி ஆகிறது என்பதை 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் பழைய சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து விளக்கினார்கள். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வழிகாட்டல் கிடைத்தால் அந்த நேரத்து ஆட்டம் மேம்படும். ஆனால் உடம்பு அதன்மேல் சாய்ந்துகொண்டு, தனக்குள் எழும் உணர்வைக் கவனிப்பதை விட்டுவிடும். 1990இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் கை அசைவு ஒன்றைக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் முடிவைச் சொன்னார்கள், இன்னொரு குழுவுக்குப் பாதி முறை மட்டும். பிறகு முடிவே சொல்லாமல் செய்யச் சொன்னபோது, பாதி கேட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். மாமியார் பக்கத்தில் நின்று “இப்போ இறக்கு” என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தால் மருமகளுக்குப் பாகு கைவராது. ஒரு தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போய்விட்டால் அடுப்படியில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முழுக்க ஒதுக்கவும் முடியாது. மட்டையைப் பிடிக்கவே தெரியாதவருக்கு அச்சுப் பிடி சில நாள் உதவும்; விரல் எங்கே போக வேண்டும் என்ற உணர்வை அது ஒருமுறை காட்டிவிடுகிறது. கட்டி இறுக்காமல், அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு சின்ன ஸ்விங் போடும் பழைய முறையையும் நான் குறை சொல்லமாட்டேன். கை உடம்பைவிட்டுப் பிரிந்தால் துண்டு விழுந்துவிடும். அது கையைப் பிடித்து வைக்கவில்லை, பிரிந்ததைச் சொல்கிறது. கட்டும் பட்டைக்கும் இடுக்கும் துண்டுக்கும் விலையில் மட்டுமல்ல, வேலையிலும் உள்ள வித்தியாசம் இதுதான். எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும், நான் தப்பாகச் செய்ய இது அனுமதிக்கிறதா என்று பார்க்கலாம். தப்பே செய்யவிடாத கருவியிடம் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

கவனம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். 1999இல் காப்ரியேல் வுல்ஃப் உள்ளிட்ட மூவர், கோல்ஃப் தொட்டறியாதவர்களுக்குச் சிறு தூக்கடி கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சாராரிடம் உங்கள் கைகளின் வீச்சைக் கவனியுங்கள் என்றார்கள், மறு சாராரிடம் மட்டையின் வீச்சைக் கவனியுங்கள் என்றார்கள். மட்டையைக் கவனித்தவர்கள் பழகும்போதும், அடுத்த நாள் குறிப்பு எதுவும் சொல்லாமல் சோதித்தபோதும் குறி தப்பாமல் அடித்தார்கள். மணல் கோடு, ஆணி வாசல், பவுடர் மூன்றும் கவனத்தை உடம்புக்கு வெளியே வைக்கின்றன. மணிக்கட்டில் கட்டி ‘பீப்’ என்று கத்தும் கருவி அதை மணிக்கட்டுக்கே இழுக்கிறது. எனக்கு அது பிடிக்காததற்குக் காரணம் சத்தம் மட்டும் இல்லை.

இனி மின்னணுச் சாமான்கள். ராடாரை வைத்துப் பந்தின் வேகம், சுழற்சி, கிளம்பும் கோணம் எல்லாம் எண்ணாகச் சொல்லும் கருவிகள் இப்போது சிறிய அளவிலும் வந்துவிட்டன. பாகு 115 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்தால் தண்ணீரில் மென்மையாக உருளும் என்பது உண்மை. வெப்பமானி வைத்திருப்பவர் அதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். கேள்வி இருப்பவருக்கு எண் உதவும். மட்டை ஒவ்வொன்றாலும் பந்து எத்தனை தூரம் போகிறது என்று தெரிய வேண்டுமானால் ராடாரைப் போல் வேறு எதுவும் இல்லை. கேள்வியே இல்லாமல் இருபது எண்களைத் திரையில் பார்த்தால் எதைத் திருத்துவது என்று தெரியாது. முதல் வருடத்தில் அதற்குச் செலவழிக்கும் பணத்தைப் பாடத்துக்குக் கொடுப்பது நல்லது.

செல்போன் ஸ்லோமோஷன் இலவசம். நன்றாகப் பயன்படும், ஓர் எல்லைவரை. வினாடிக்கு 240 படம் எடுக்கும் போனில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 4 மில்லிவினாடிக்கு மேல் போகிறது. மட்டைத் தலை வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்தால், அந்த இடைவெளியில் அது 16 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். பந்தைத் தொடும் கணம் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்துவிடும். ஆகவே நிற்கும் நிலை, மட்டையைத் தூக்கும் பாதை, இடுப்பு திரும்புவது ஆகியவற்றுக்குப் போன். பந்து முகத்தில் எங்கே பட்டது என்பதற்குப் போன் சாட்சி ஆகாது, பவுடர்தான் சாட்சி. எடுக்கும்போது போனைக் கை உயரத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வையுங்கள். இடம் மாறினால் ஸ்விங் மாறியதுபோலத் தோன்றும். கோச்சுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் அவரிடம் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். தினமும் பத்து வீடியோ வந்தால் யாருக்கும் அலுக்கும்.

வலை கட்டி அடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வலை பந்தின் போக்கை மறைத்துவிடுகிறது. எனவே வலை இருக்கும் இடத்தில் பவுடரும் குச்சியும் இன்னும் அவசியம். அவை இல்லாமல் வலைக்குள் இருநூறு பந்து அடிப்பது இருக்கும் தவறை இருநூறு முறை மனப்பாடம் செய்வதுதான். திறந்தவெளித் தோப்பில் அடிப்பதானால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிஜப் பந்து 45.93 கிராம் வரை கனம், டிரைவரிலிருந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும். வாய்க்கால் கரையில் ஆள் நடமாட்டம் எப்போதும் உண்டு.

கருவியோடு பழகும் முறையும் கருவி அளவுக்கு முக்கியம். நான் சொல்வது இது: வாசலை வைத்துச் சில பந்து தட்டுங்கள், பிறகு எடுத்துவிட்டுத் தட்டுங்கள், தட்டியதும் பந்தைப் பார்ப்பதற்கு முன், வாசல் இருந்திருந்தால் போயிருக்குமா இடித்திருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள். பழகிய கை பாகின் கொப்புளத்தைப் பார்த்தே பதம் சொல்லும், தண்ணீரில் விடுவது சந்தேகம் தீர்க்கத்தான். உங்கள் ஊகமும் வாசலும் ஒத்துப்போகத் தொடங்கினால் அந்தக் கருவியின் வேலை முடிந்துவிட்டது. அதைப் பரணில் போட்டுவிட்டு அடுத்த தவறுக்குப் போகலாம். ஒரே மட்டையால் ஒரே இடத்துக்கு மணிக்கணக்காக அடிப்பதைவிட மட்டையையும் இலக்கையும் மாற்றி மாற்றி அடிப்பது அன்று சொதப்பலாகத் தெரியும், பிற்பாடு நிற்கும். 1979இல் ஷியா, மார்கன் இருவரும் செய்த சோதனையிலிருந்து இது பல திறன்களில் பார்க்கப்பட்டிருக்கிறது.

கருவிக்குக் காசு இல்லையே என்று தயங்குகிறவர்கள் கோல்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌரஸியாவை நினைத்துக்கொள்ளலாம். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன் அவர்; அந்த மைதானத்திலேயே பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். 2016, 2017 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் இந்தியன் ஓபன் வென்றார். கிரீனைச் சுற்றிய சின்ன அடிகளில்தான் அவருக்குப் பெயர்.

ஆக, இரண்டு வார இடைவெளிக்கு என் பட்டியல்: பவுடர் டப்பா, இரண்டு குச்சி, கொஞ்சம் மணல், இரண்டு ஆணி, கையில் இருக்கும் போன். அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்று தோன்றினால், வாங்குவதற்கு முன் கோச்சிடம் அதன் பெயரைச் சொல்லி, எனக்கு என்ன தவறு இருப்பதால் இது தேவை என்று கேளுங்கள். அவர் ஒரு வரியில் பதில் சொன்னால் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இவற்றை ஆட்டத்துக்குப் போகும்போது பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். கோல்ஃப் விதி 4.3இன்படி, சுற்று தொடங்கிய பிறகு திசை பார்க்கும் குச்சி, மட்டையில் மாட்டும் எடை போன்ற பயிற்சிக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. வெற்று ஸ்விங்குக்குக்கூடக் கூடாது. ஸ்ட்ரோக் கணக்கில் ஆடும் போட்டியில் முதல் முறை 2 ஸ்ட்ரோக் அபராதம், இரண்டாம் முறை தகுதி நீக்கம்.